கிருமியைக் கொல்லாமல் நோயை நிறுத்த முடியுமா? நச்சை மட்டும் முறிக்கும் மருந்துகள் பற்றி

நொய்யல் (இழையைத் தொடங்கியவர்) · செவ்வாய், இரவு 10.12

வணக்கம். நான் நுண்ணுயிரியலில் ஆய்வு செய்யும் மாணவி. போன வாரம் இன்குபேட்டரைத் திறந்து ஒரு பெட்ரி தட்டை எடுத்தேன். அதில் குரோமோபாக்டீரியம் வயலேசியம் என்ற பாக்டீரியாவைப் பரப்பி, மேலே மூன்று சிறு காகித வில்லைகளை வைத்திருந்தேன். இந்தப் பாக்டீரியா கூட்டம் பெருகியதும் ஊதா நிறமியைச் சுரக்கும். தட்டு முழுக்கக் கத்தரிக்காய்த் தோல் நிறம்.

முதல் வில்லையில் சாதாரண ஆன்டிபயாடிக். அதைச் சுற்றிக் கண்ணாடி போலத் தெளிந்த வட்டம். தட்டுக்கு அடியில் கிடந்த காகிதத்தின் எழுத்தை அதன் வழியே படிக்க முடிந்தது. அங்கே எதுவுமே வளரவில்லை. இரண்டாவதில் வெறும் கரைப்பான், அதைச் சுற்றி ஊதா அப்படியே. மூன்றாவதில் நான் சோதிக்கும் சேர்மம். அதைச் சுற்றியும் ஒரு வட்டம் இருந்தது, ஆனால் தெளிவில்லை. மோர் சிந்திக் காய்ந்ததுபோல் வெளிறிய வட்டம். அதிலிருந்து கொஞ்சம் தொட்டெடுத்துப் புதுத் தட்டில் இழுத்து வைத்தேன். மறுநாள் பார்த்தால் நல்ல ஊதாவாக வளர்ந்திருக்கிறது. ஆக, அந்த வட்டத்தில் இருந்தவை சாகவில்லை. அவற்றுக்குள் நடக்கும் பேச்சுத்தான் நின்றிருக்கிறது.

பேச்சு என்று சொல்வது சும்மா இல்லை. பல பாக்டீரியாக்கள் சிறு மூலக்கூறுகளை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். கூட்டம் சேரச் சேர அந்த மூலக்கூறின் அடர்த்தி கூடும். ஓர் அளவைத் தாண்டியதும் எல்லாம் ஒரே நேரத்தில் புதிய வேலையைத் தொடங்கும். வயலேசியம் நிறம் கொடுக்கும். மருத்துவமனைகளில் நம்மைப் பாடாய்ப் படுத்தும் சூடோமோனாஸ், திசுவை அரிக்கும் நொதிகளை இப்படித்தான் கூட்டம் பார்த்து அவிழ்த்துவிடுகிறது.

ஒரு கிருமி உயிர் வாழத் தேவையானவை வேறு, நம்மை நோயில் தள்ளத் தேவையானவை வேறு. செல்லில் ஒட்டிக்கொள்ளும் நுண்ணிழைகள், நச்சுகள், நம் செல்லுக்குள் புரதத்தைக் குத்தி ஏற்றும் ஊசி போன்ற அமைப்பு, இவையெல்லாம் இரண்டாவது வகை. நோய்வீரியக் காரணிகள் என்று எழுதுவோம், லேபில் வைருலன்ஸ் ஃபேக்டர் என்றுதான் பேச்சு. ஆன்டிபயாடிக் முதல் வகையை அடிக்கிறது. இரண்டாவது வகையை மட்டும் அடித்தால் என்ன என்பதுதான் இந்த இழையின் கேள்வி.

2019-ஆம் ஆண்டில் மட்டும் மருந்துக்கு மசியாத பாக்டீரியாக்களால் நேரடியாக இறந்தவர்கள் உலகம் முழுக்க சுமார் 12.7 லட்சம் பேர் என்று லான்செட் மருத்துவ இதழில் வந்த கணக்கு சொல்கிறது. அதனால்தான் கேட்கிறேன். மருத்துவமனையில் வேலை செய்பவர்கள், மருந்துத் துறையில் இருப்பவர்கள், நோயாளியாக இருந்தவர்கள் எல்லாரும் எழுதுங்கள்.

கரிசல்காட்டான் · செவ்வாய், இரவு 10.40

எனக்கு இந்தத் துறை தெரியாது, ஒரு சந்தேகம். கிருமி உயிரோடு உள்ளேயே இருக்கும் என்றால் மருந்தை நிறுத்தியதும் மறுபடி ஆரம்பிக்காதா?

நொய்யல் · செவ்வாய், இரவு 10.58

நியாயமான சந்தேகம் சார். பாம்புக்கடிக்கு நாம் என்ன செய்கிறோம்? விஷமுறிவு ஊசி போடுகிறோம். பாம்பு பாட்டுக்கு வரப்பில் போய்க்கொண்டிருக்கும், உடம்பில் ஏறிய விஷம்தான் முறிகிறது. வித்தியாசம், இங்கே பாம்பு உடம்புக்குள்ளேயே இருக்கிறது. அதை அப்புறப்படுத்த வேண்டியது நம் வெள்ளையணுக்கள். கிருமியின் ஆயுதத்தைப் பிடுங்கிவிட்டால் வெள்ளையணு அதைச் சுலபமாக விழுங்கிவிடும் என்பது கணக்கு. நோய் எதிர்ப்புச் சக்தி நன்றாக இருப்பவரிடம் இந்தக் கணக்கு சரியாக வரலாம். கீமோதெரபி எடுத்துக்கொண்டிருப்பவரிடம் வராது. இதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

இரவுப்பணி · புதன், காலை 6.20

நொய்யல் மா, நீ இதைப் புதிய யோசனை மாதிரி எழுதியிருக்கிறாய். நான் செவிலியர். நச்சை மட்டும் முறிக்கும் மருந்தை என் கையாலேயே ஏற்றியிருக்கிறேன். அதைச் சொல்லத்தான் பணி முடிந்து வந்ததும் எழுதுகிறேன்.

தொண்டை அடைப்பான், அதாவது டிப்தீரியா. இப்போதைய பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போடுவதால் பலர் பார்த்திருக்க மாட்டார்கள். தடுப்பூசி விட்டுப்போன ஒரு பையன், ஏழு வயது. கழுத்து இரண்டு பக்கமும் வீங்கி முகமும் கழுத்தும் ஒன்றாகத் தெரிந்தது. வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்தால் உள்நாக்கைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் ஒரு படலம், நனைந்த தோல் மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஸ்வாப் எடுக்கும்போது ஓரம் பட்டதும் ரத்தம் கசிந்தது. அந்த வாடையைச் சொன்னால் புரியாது.

கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) ரிசல்ட் வரக் காத்திருக்கக் கூடாது, உடனே ஆன்டிடாக்சின், அதாவது நச்சுமுறி மருந்து, போடு என்றார் டாக்டர். அது குதிரை ரத்தத்திலிருந்து எடுப்பது. சில பேருக்கு ஒவ்வாமையில் உயிருக்கே ஆபத்தாகிவிடும். அதனால் முதலில் துளியளவு போட்டுப் பார்த்து, அட்ரினலின் சிரிஞ்சைப் பக்கத்தில் ஏற்றி வைத்துக்கொண்டு, அப்புறம்தான் மெதுவாக ஏற்றினோம். கூடவே பென்சிலினும் கொடுத்தோம். பென்சிலின் கிருமியைக் கொல்லும், மற்றவர்களுக்குப் பரவாமல் தடுக்கும். ஆனால் அந்தப் பையனின் இதயத்தைக் காப்பாற்றக்கூடியது ஆன்டிடாக்சின்தான்.

இதில் ஒரு விஷயம் இருக்கிறது. ரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கும் நச்சைத்தான் இந்த மருந்து பிடிக்கும். செல்லுக்குள் நுழைந்துவிட்ட நச்சை ஒன்றும் செய்ய முடியாது. அம்மா பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்தது காய்ச்சல் தொடங்கிய நான்காம் நாள். அதற்கு முன் இரண்டு இடத்தில் சாதாரணத் தொண்டைவலி என்று மாத்திரை கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். தொண்டைப் படலம் மூன்று நாளில் உரிந்து விழுந்தது, பையன் கஞ்சி குடித்தான், எல்லாருக்கும் நிம்மதி. இரண்டாவது வாரம் இதயத் துடிப்பு தாறுமாறானது. மருந்து போடுவதற்கு முன், அந்த முதல் நான்கு நாட்களிலேயே உள்ளே போய்விட்ட நச்சு அது. ஒன்பது நாள் மானிட்டரைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தோம். பிழைத்துக்கொண்டான்.

இந்த வகை மருந்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் எத்தனை மணிக்குக் கொடுத்தோம் என்பதை முதலில் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

நொய்யல் · புதன், காலை 9.05

அக்கா, நன்றி. பாடத்தில் படித்ததை இப்படி யாரும் எனக்குச் சொன்னதில்லை. அந்த நச்சின் ஒரே ஒரு மூலக்கூறு உள்ளே போனாலே ஒரு செல்லைக் கொன்றுவிடும் என்று 1978-இல் ஜப்பானியர்கள் காட்டினார்கள். செல் புரதம் தயாரிப்பதையே அது நிறுத்திவிடுகிறது. நான்கு நாள் என்பது எவ்வளவு பெரிய தாமதம் என்று அதிலிருந்தே தெரிகிறது.

நீங்கள் சொல்வதுபோல் இது பழைய யோசனைதான். பெரிங், கிட்டசாட்டோ என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1890-இல் ஆன்டிடாக்சினைக் காட்டினார்கள். பென்சிலின் கண்டறியப்பட்டதே 1928-இல்தான். 1894-இல் பாரிஸில் எமில் ரூ என்ற மருத்துவர் ஆன்டிடாக்சின் உள்ள குதிரைச் சீரத்தை டிப்தீரியா வந்த குழந்தைகளுக்குக் கொடுத்தபோது, பாதிக்கு மேல் இருந்த இறப்பு கால்வாசியாகக் குறைந்தது. மருத்துவத்துக்கான முதல் நோபல் பரிசு 1901-இல் பெரிங்குக்குப் போனது இதற்காகத்தான்.

கொல்கத்தாவாசி · புதன், பகல் 12.31

முப்பது வருடமாக இந்த ஊரில் இருக்கிறேன், அந்த உரிமையில் ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். சம்புநாத் டே.

காலராக் கிருமியை ராபர்ட் கோக் 1884-இல் இதே கல்கத்தாவில் பிரித்தெடுத்தார். அது நச்சால்தான் ஆளைக் கொல்கிறது என்பதும் அவருடைய ஊகம். அதற்கப்புறம் எழுபது வருடத்துக்கு மேல் யாராலும் அந்த நச்சைக் காட்ட முடியவில்லை. கிருமியையும் அதன் சாற்றையும் விலங்குகளின் ரத்தத்திலும் வயிற்றறையிலும் செலுத்திச் செலுத்திப் பார்த்தார்கள், காலரா வரவே இல்லை. டே என்ன செய்தார் தெரியுமா? முயலின் சிறுகுடலில் ஒரு துண்டை இரண்டு முனையிலும் நூலால் கட்டி, உள்ளே கிருமியைச் செலுத்தினார். குடல் நீர் கோத்துப் பலூன்போல் உப்பியது. அடுத்து 1959-இல், கிருமி வளர்ந்த திரவத்தை வடிகட்டி, கிருமியே இல்லாத தெளிநீரை மட்டும் செலுத்தினார். அப்போதும் அதே உப்பல். நோயைக் கொண்டுவர உயிருள்ள கிருமி தேவையில்லை, அது விட்டுச்சென்ற ஒரு பொருள் போதும் என்று அன்று நிரூபணம் ஆனது.

பெரிய ஆய்வுக்கூட வசதி எதுவும் இல்லாமல் செய்த வேலை. நோபல் பரிசு பெற்ற மரபியலாளர் ஜோஷுவா லெடர்பர்க் அவரை நோபலுக்குப் பரிந்துரைத்தார், கிடைக்கவில்லை. 1978-இல் காலராவுக்கான நோபல் கருத்தரங்குக்கு ஸ்டாக்ஹோமுக்கு அழைத்தார்கள். 1985-இல் காலமானார். இங்கேயே பல மருத்துவ மாணவர்களுக்கு அவர் பெயர் தெரியாது. அது எனக்கு மிகவும் வருத்தம்.

வேதிமுனை · புதன், மாலை 5.47

வரலாறு அருமை. ஆனால் தொடக்கப் பதிவில் சொல்லாமல் விட்ட ஒரு வாக்கியம் இந்தத் துறைக் கட்டுரைகளில் எல்லாம் வரும்: கொல்லாத மருந்து என்பதால் எதிர்ப்புத்திறன் உருவாகாது. மருந்து வேதியியலில் இருப்பவன் என்ற முறையில் இதை ஏற்க முடியாது.

காலராவையே எடுத்துக்கொள்வோம். 2005-இல் ஹார்வர்டில் 50,000 சேர்மங்களைச் சலித்து விர்ஸ்டாடின் என்ற ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். காலரா நச்சையும், குடலில் ஒட்டும் இழையையும் தயாரிக்கச் சொல்லி ஆணையிடும் டாக்ஸ்-டி என்ற புரதத்தை அது முடக்குகிறது. எலிக்குட்டிகளின் குடலில் கிருமி தங்க முடியாமல் போனது. அழகான வேலை. அதே கட்டுரையிலேயே, அந்தப் புரதத்தில் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறினால் மருந்து பலிக்காது என்பதும் இருக்கிறது.

அடுத்தது சூடோமோனாஸ். ஆஸ்திரேலியக் கடல் பாசி ஒன்றின் வேதிப்பொருளைப் பார்த்துச் செய்த ஃபியூரனோன் சி-30, கூட்டப் பேச்சைத் தடுக்கும் மருந்துகளில் பெயர் பெற்றது. உள்ளே வரும் வேதிப்பொருளை வெளியே இறைத்துவிடும் பம்பைப் பெருக்கிக்கொண்டு அதையும் தாங்கும் திரிபுகள் வந்ததை 2012-இல் காட்டினார்கள். பழைய ஆன்டிபயாடிக்குகளை வெளியேற்றும் அதே வகைப் பம்ப்.

மூன்றாவது, கக்குவான் இருமல். செல்லற்ற தடுப்பூசியில், அதாவது முழுக் கிருமிக்குப் பதில் அதன் சில புரதங்களை மட்டும் வைத்துச் செய்யும் தடுப்பூசியில், பெர்டாக்டின் என்ற ஒட்டுப்புரதம் ஒரு கூறு. அந்தத் தடுப்பூசியை நெடுநாள் பயன்படுத்திய ஜப்பான், ஆஸ்திரேலியா, அமெரிக்கா மூன்றிலும் பெர்டாக்டினே இல்லாத கிருமிகள் பெருகிவிட்டன. ஒரு வீரியக் காரணியைக் குறிவைத்தோம், கிருமி அதைக் கழற்றிப் போட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருக்கிறது.

நொய்யல் · புதன், இரவு 9.30

சார், மூன்றும் சரி. எதிர்ப்பே வராது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் எந்தக் காரணியைக் குறிவைக்கிறோம் என்பதைப் பொறுத்து அது பரவும் வேகம் மாறும். இதுதான் எனக்கு இந்தத் துறையிலேயே பிடித்த பகுதி, கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

எங்கள் ஊரில் குடிமராமத்து என்று ஏரியைத் தூர்வாருவார்கள். வீட்டுக்கு ஓர் ஆள் வர வேண்டும். ஒருவர் மட்டும் தனியாக மண்வெட்டி எடுத்துப் போய் நாள் முழுக்கத் தூர்வாரினால் என்ன ஆகும்? தண்ணீர் எல்லா வயலுக்கும் பாயும், இடுப்பு வலி அவருக்கு மட்டும். அப்படிப்பட்டவர் அடுத்த வருடம் பக்கத்து வீட்டுக்காரரைவிட வசதியாகிவிட மாட்டார்.

சூடோமோனாஸ் வெளியே சுரக்கும் புரதம் அரிக்கும் நொதி அந்த ஏரித் தண்ணீர் மாதிரி. ஒரு செல் சுரந்தால் சுற்றியுள்ள எல்லாச் செல்லுக்கும் உணவு கிடைக்கும். மருந்து போட்டு எல்லாச் செல்லின் சுரப்பையும் நிறுத்திவிட்டோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த மருந்துக்கு மசியாத ஒரே ஒரு செல் தோன்றி நொதியைச் சுரக்கிறது. செலவு அதற்கு, பலன் மருந்தில் முடங்கிய பக்கத்துச் செல்களுக்கும். அதனால் அது பெருகி மற்றவற்றை முந்துவது கடினம். ஆன்டிபயாடிக்கில் கதை நேர்மாறு. சுற்றியுள்ளவை எல்லாம் செத்துப்போக, தாங்கும் செல்லுக்கு முழு வயலும் சொந்தம். சூடோமோனாஸைக் கலந்து வளர்த்து இதை ஆய்வகத்தில் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள்.

ஒட்டுப்புரதம் இதிலிருந்து வேறுபட்டது. ஒட்டிக்கொள்ளும் செல்லுக்கே முழுப் பலன். அது பொது ஏரி இல்லை, சொந்தக் கிணறு. அதனால் அங்கே தாங்கும் கிருமி சீக்கிரம் பெருகும் என்றே எதிர்பார்க்க வேண்டும். நீங்கள் சொன்ன கக்குவானில் கிருமிக்கு எதிரி, தடுப்பூசியால் நம் உடலில் உருவாகும் எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) என்பதால், அந்தப் புரதத்தைக் கழற்றிப் போட்ட கிருமிக்கே நேரடியான லாபம். மறுபக்கம் டிப்தீரியாவைப் பாருங்கள். 130 வருடமாக ஆன்டிடாக்சின் போடுகிறோம், அது இன்னும் வேலை செய்கிறது.

சி-30 விஷயத்தில் என்னிடம் நல்ல பதில் இல்லை. பம்ப் எல்லா மருந்துக்கும் பொதுவான பிரச்சினை. அந்தச் சோதனையில் கிருமிக்கு உணவாகக் கொடுத்ததைச் செல்லுக்குள்ளேதான் செரிக்க முடியும். அதாவது அதையும் சொந்தக் கிணறாக மாற்றிவிட்டுத்தான் சோதித்தார்கள். ஆனால் நோயாளியின் நுரையீரலில் நிலைமை எந்தப் பக்கம் இருக்கும் என்று என் தட்டை வைத்துச் சொல்ல முடியாது.

வேதிமுனை · புதன், இரவு 10.02

ஏரியும் கிணறும் ஒப்புக்கொள்கிறேன். என் பாதி ஆட்சேபத்தைத் திரும்பப் பெறுகிறேன். பம்ப் பற்றிய பாதி நிற்கிறது.

மல்லிகைப்பந்தல் · வியாழன், காலை 11.15

மன்னிக்கவும், நான் நோயாளி. இரண்டு வருடமாக அடிக்கடி சிறுநீர்த் தொற்று. ஒவ்வொரு முறையும் ஆன்டிபயாடிக், ஒவ்வொரு முறையும் வயிறு கெட்டுப்போகும். போன மாதம் ஒரு கடையில் டி-மேனோஸ் பொடி கொடுத்தார்கள். கிருமியைக் கொல்லாது, ஒட்டவிடாமல் கழுவி அனுப்பிவிடும், பக்கவிளைவே இல்லை என்றார்கள். நீங்கள் பேசுவதும் இதுதானே? மாதம் இரண்டாயிரத்துக்கு மேல் ஆகிறது. தொடரலாமா?

மருந்தாளுநர் · வியாழன், பகல் 1.20

சகோதரி, இருபத்திரண்டு வருடமாக மருந்து கொடுக்கிறேன், நேராகவே சொல்கிறேன். யோசனை சரியானது. சிறுநீர்த் தொற்றுக்குப் பெரும்பாலும் காரணமான ஈ.கோலை, தன் நுண்ணிழையின் நுனியில் உள்ள ஃபிம்-ஹெச் என்ற புரதத்தால் சிறுநீர்ப்பைச் சுவரில் உள்ள மேனோஸ் சர்க்கரையைப் பிடித்துக்கொள்கிறது. சிறுநீரில் மேனோஸ் மிதந்தால் சுவரை விட்டுவிட்டு அதைப் பிடிக்கும் என்பது எதிர்பார்ப்பு.

ஆனால் பிரிட்டனில் உங்களைப்போல் அடிக்கடி தொற்று வரும் 598 பெண்களிடம் இதைச் சோதித்தார்கள். பாதிப் பேருக்கு ஆறு மாதம் தினமும் 2 கிராம் மேனோஸ், பாதிப் பேருக்கு வேறு சர்க்கரை. யாருக்கு எது என்று யாருக்கும் தெரியாது. 2024-இல் முடிவு வந்தது. மறுபடி தொற்று என்று மருத்துவரிடம் போனவர்கள் மேனோஸ் எடுத்தவர்களில் 51 சதவீதம், மற்றவர்களில் 55.7 சதவீதம். இந்த வித்தியாசத்தை மருந்தின் பலன் என்று சொல்ல முடியாது. பொடிக்குச் செலவு செய்யும் பணத்தில் தொற்று வரும்போது, ஆன்டிபயாடிக் தொடங்குவதற்கு முன்னால், ஒரு யூரின் கல்ச்சர் கொடுத்துவிடுங்கள். எந்தக் கிருமி, எந்த மருந்துக்குக் கேட்கும் என்று தெரிந்தால் தேவையில்லாத மாத்திரை குறையும். சர்க்கரை நோய் இருக்கிறதா, சிறுநீர் முழுதாக வெளியேறுகிறதா என்றும் ஒருமுறை மருத்துவரிடம் பார்த்துக்கொள்ளுங்கள்.

நொய்யல் · வியாழன், பகல் 2.08

சார் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். சாதாரண மேனோஸை அந்தப் புரதம் தளர்வாகத்தான் பிடிக்கும். அமெரிக்காவில் செயின்ட் லூயிஸில் ஸ்காட் ஹல்ட்கிரென் குழு, அதைவிடப் பல மடங்கு இறுக்கமாகப் பிடிக்கும் மேனோசைடு என்ற மூலக்கூறுகளை உருவாக்கியிருக்கிறது. எலிகளில் நன்றாக வேலை செய்தன. மனிதர்களிடம் முதற்கட்டச் சோதனைக்கும் ஒன்று போயிருக்கிறது. பொடி பலிக்கவில்லை என்பதால் அந்த வழியே மூடிவிட்டது என்று அர்த்தமில்லை அக்கா. ஆனால் இன்று கடையில் கிடைக்கும் பொடிக்கு நீங்கள் பணம் கொடுக்க வேண்டாம்.

மல்லிகைப்பந்தல் · வியாழன், பகல் 2.30

கடையில் யாரும் இதைச் சொல்லவில்லை. கல்ச்சர் கொடுக்கிறேன். இருவருக்கும் நன்றி.

பொதுமருத்துவன் · வியாழன், இரவு 11.50

தாமதமாக வருகிறேன். ஆன்டிபயாடிக்குக்கு மாற்று என்ற சொல்லை விட்டுவிட்டு, ஆன்டிபயாடிக்கோடு சேர்த்து என்று யோசித்தால், இதை நாங்கள் தினமும் செய்கிறோம்.

தசையழுகல் நோயோடு ஒருவர் வருகிறார். காலையில் காலில் சின்னச் சிவப்பு, மாலையில் தொடை வரை கருநீலம். காரணம் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியா. பென்சிலின் இந்தக் கிருமியை இன்றும் கொல்லும். ஆனாலும் கூடவே கிளிண்டாமைசின் போடுவோம். காரணம், அது கிருமியின் புரதத் தயாரிப்பை நிறுத்துகிறது, நச்சும் புரதம்தானே. கிருமி சாவதற்கு முன்பே நச்சு உற்பத்தி நிற்கும். அறுவை சிகிச்சை செய்து அழுகியதை அகற்றுவது தனி. இந்த மூன்றில் எதையும் விட முடியாது.

கொல்வதே ஆபத்தாக முடியும் இடமும் உண்டு. ஷிகா நச்சைச் சுரக்கும் ஈ.கோலையில், அந்த நச்சின் மரபணு கிருமிக்குள் உறங்கும் ஒரு வைரஸில் இருக்கிறது. சில ஆன்டிபயாடிக்குகள் அந்த வைரஸை எழுப்பிவிடும், நச்சு கொட்டும், சிறுநீரகம் போகும். அதனால் ஓ157 வகை என்று தெரிந்தால் ஆன்டிபயாடிக்கைத் தவிர்க்கச் சொல்கிறோம். 2011-இல் ஜெர்மனியில் இன்னொரு வகை, ஓ104, 3,800 பேருக்கு மேல் தாக்கியது, ஐம்பதுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். எகிப்திலிருந்து வந்த வெந்தயத்தை முளைகட்டிச் சாப்பிட்டதில் பரவியது. ஷிகா நச்சை முறிக்க அங்கீகாரம் பெற்ற மருந்து அன்றும் இல்லை, இன்றும் இல்லை. இந்த ஆராய்ச்சிக்கு உண்மையான தேவை இருக்கும் இடம் இதுதான் என்பேன்.

நல்ல யோசனைகள் ஏன் சோதனையில் தோற்கின்றன? ஐரோப்பாவில் ஐ.சி.யு.வில் வென்டிலேட்டரில் இருப்பவர்களுக்கு, ஸ்டஃபைலோகாக்கஸ் என்ற பாக்டீரியாவின் ஆல்ஃபா நச்சை முறிக்கும் சுவ்ராடாக்சுமாப் என்ற ஆன்டிபாடியை, நிமோனியா வருவதற்கு முன்பே கொடுத்துப் பார்த்தார்கள். மருந்து பெற்ற 96 பேரில் 17 பேருக்கு நிமோனியா, பெறாத 100 பேரில் 26 பேருக்கு. பார்த்தால் நல்ல குறைவு. ஆனால் இவ்வளவு சிறிய எண்ணிக்கையில் இது தற்செயலாகவும் வரலாம், நிரூபணம் என்று ஏற்க முடியாது. சூடோமோனாஸுக்கு எதிரான ஓர் ஆன்டிபாடியும் இதே மாதிரிச் சோதனையில் நிமோனியாவைக் குறைக்கவில்லை.

இரவு இரண்டு மணிக்கு மூச்சுத் திணறலோடு ஒருவர் வந்தால் எந்தக் கிருமி என்று எனக்குத் தெரியாது. கல்ச்சருக்கு இரண்டு நாள். அதுவரை நாலைந்து கிருமிகளையும் சேர்த்து அடிக்கும் ஆன்டிபயாடிக்கைத்தான் போட முடியும். ஒரே கிருமியின் ஒரே நச்சைப் பிடிக்கும் மருந்து என்னிடம் இருந்தாலும், பெயர் தெரியும்போது நேரம் கடந்திருக்கும். இரவுப்பணி சிஸ்டர் சொன்ன நான்காம் நாள் கதைதான் இதுவும். டிப்தீரியாவில் மருந்து பலிப்பதற்கு ஒரு காரணம், டார்ச் அடித்தாலே சந்தேகப்பட முடிகிறது என்பது. மற்ற நோய்களுக்கு அந்த டார்ச் வேலையைச் செய்யும் விரைவுப் பரிசோதனை கையில் இருக்க வேண்டும். மருந்தைத் தேடுகிறவர்கள் அதற்கும் சேர்த்து உழைக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

வேதிமுனை · வெள்ளி, காலை 8.40

டாக்டர் சொன்னதற்கு மறுபக்கம் பெஸ்லோடாக்சுமாப். ஆன்டிபயாடிக் குடலின் நல்ல பாக்டீரியாக்களை அழித்தபின் தலைதூக்கும் கிளாஸ்ட்ரிடியம் டிஃபிசில் வயிற்றுப்போக்கு, குணமானாலும் மறுபடி மறுபடி வரும். அதன் பி நச்சை முறிக்கும் ஆன்டிபாடி இது. இரண்டு பெரிய சோதனைகளில், மறுபடி வந்தவர்கள் ஏறத்தாழ 27 சதவீதத்திலிருந்து 17 சதவீதமாகக் குறைந்தார்கள். 2016-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இங்கே கிருமியின் பெயர் முன்கூட்டியே தெரியும், யாருக்கு மறுபடி வரும் என்பதையும் ஓரளவு கணிக்கலாம், மருந்தைக் கொடுக்க நேரமும் இருக்கிறது. அதனால் பலித்தது. ஏற்கெனவே இதயச் செயலிழப்பு உள்ளவர்களிடம் எச்சரிக்கை தேவைப்பட்டது.

ஒரு டோஸ் 3,000 டாலருக்கு மேல். 2025 ஜனவரியோடு மெர்க் நிறுவனம் அதன் விற்பனையை நிறுத்திக்கொண்டது. அறிவியல் ஜெயித்த மருந்து கடையில் இல்லை. எனக்கு இதில் உண்மையிலேயே கோபம் வருகிறது. ஆந்த்ராக்ஸ் நச்சுக்கு எதிரான ராக்சிபாகுமாப் 2012-இல் அனுமதி பெற்றது, அதை அரசாங்கம் வாங்கி அவசரத்துக்கு இருப்பு வைத்தது. நோயாளிகள் குறைவாக உள்ள, ஒரே ஒரு முறை கொடுக்கும் மருந்தைச் சந்தையை மட்டும் நம்பி விட்டால் இப்படித்தான் ஆகும்.

கரிசல்காட்டான் · வெள்ளி, காலை 9.15

துளசி, வேம்பு, மஞ்சள் எல்லாம் கிருமிகளின் பேச்சைத் தடுக்கும் என்று நிறையக் கட்டுரைகள் கண்ணில் படுகின்றன. அவை?

நொய்யல் · வெள்ளி, இரவு 8.25

நீங்கள் கேட்டது என் தட்டுக்கே வந்து நிற்கிறது சார். அந்தக் கட்டுரைகளில் பல, நான் முதல் பதிவில் எழுதிய அதே தட்டோடு முடிந்துவிடுகின்றன. ஊதா குறைந்தது, ஆகவே பேச்சு நின்றது என்று எழுதிவிடுகிறார்கள். கிருமி கொஞ்சம் மந்தமாக வளர்ந்தாலும் ஊதா குறையும். வெளிறிய வட்டத்தில் உயிர் இருக்கிறது என்பது உண்மை. ஆனால் அவை நோயுற்ற உயிராகவும் இருக்கலாம். அதைப் பிரித்துப் பார்க்க, அதே அளவு சேர்மம் போட்டுத் திரவத்தில் வளர்த்து, மணிக்கு ஒருமுறை வளர்ச்சியை அளந்து, சேர்மம் போடாததோடு ஒப்பிட வேண்டும்.

நேற்றும் இன்றும் அதைச் செய்தேன். வில்லையில் வைத்த அளவில் என் சேர்மம் வளர்ச்சியையும் குறைக்கிறது. ஆறாவது மணியில் இரண்டு கோடுகளும் பிரிந்துவிட்டன. அதாவது என் வட்டத்தில் ஒரு பங்கு பேச்சு நின்றதால், ஒரு பங்கு கிருமி நலிந்ததால். முதல் பதிவில் பேச்சு மட்டும்தான் நின்றது என்று நான் எழுதியது தவறு. அதைத் திருத்த முடியவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

பாதி அளவிலும் கால் அளவிலும் மறுபடி ஓட்டுகிறேன். குழாய்கள் இப்போதுதான் ஷேக்கரில் ஏறியிருக்கின்றன.

இரவுப்பணி · வெள்ளி, இரவு 8.41

பணிக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறேன் மா. கால் அளவில் என்ன வந்தது என்று கட்டாயம் போடு. காலையில் வந்து பார்க்கிறேன்.